அக்கா வாங்கிய கையெழுத்துகள்

அக்கா.

வீட்டில் உன்னைக் கூப்பிட்ட பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அம்மா வாயில் மட்டும் இருக்கட்டும். எனக்கு உன் பெயரே அக்காதான். இதை எழுத உட்கார்ந்தபோது ஒரு தடவை சத்தமாகக் கூப்பிட்டும் பார்த்தேன். பதில் வராது என்று தெரிந்துதான் கூப்பிட்டேன். நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அதனால் இனி உன்னிடம் இல்லை, உன்னைத் தெரியாதவர்களிடம் பேசுகிறேன். நான் படித்தவள் இல்லை. எழுத்தில் பிழை இருந்தால் சிரித்துக்கொள்.

என் அக்கா மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் ஸ்கூல் பஸ் ஓட்டினாள். அங்கே தமிழ் ஆட்கள் என்றால் பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலை, இல்லையென்றால் மருந்துக் கம்பெனி. எங்கள் அப்பா ரெஸ்டாரன்டில் சமையல்காரர். அவருடைய கிரீன் கார்டோடு சேர்ந்துதான் நாங்கள் தூத்துக்குடியிலிருந்து வந்தோம். வரும்போது அக்காவுக்கு இருபது வயது, எனக்குப் பதினைந்து. என்னை ஹைஸ்கூலில் சேர்த்தார்கள். டீச்சர் பேசுவது புரியவில்லை. புரியவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. ஒரு வருடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு நின்றுவிட்டேன். இன்றுவரை இந்தியன் கடையில் காய்கறி அடுக்கும் வேலைதான்.

அக்கா அப்படி இல்லை. பஸ் லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை ஃபெயில் ஆனாள். மூன்றாவது தடவை போனாள். அவள் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்தால் வெளியிலிருந்து தலை மட்டும்தான் தெரியும். அவள் ரூட்டில் எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தப் பிள்ளை திங்கட்கிழமை அழும், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். எங்கள் வீட்டில் முதலில் சிட்டிசன் ஆனதும் அவள்தான். அவள் ஒருத்திதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஆங்கிலம் போதாது. எனக்கு அந்த டெஸ்ட் என்றால் பயம். ஆக வீட்டில் நான்கு பேர், ஓட்டு ஒன்று.

அந்த ஓட்டை அவள் யாருக்கு வைத்திருந்தாள் என்பதைச் சொல்ல வேண்டும்.

பஸ் டிரைவர்களுக்குக் கோடை விடுமுறையில் வேலை கிடையாது. ஜூன் மாதம் நிறுத்திவிட்டு செப்டம்பரில் மறுபடி எடுப்பார்கள். நடுவில் ஹெல்த் இன்சூரன்ஸும் போய்விடும். இங்கே கவர்னர் என்றால் நம் ஊர் முதலமைச்சர் மாதிரி, ஜனங்கள் ஓட்டுப் போட்டு வருபவர். எங்கள் கவர்னர் ஒருநாள் லைப்ரரிக்கு வந்து ஜனங்களிடம் கேள்வி கேட்கச் சொன்னார். கோட் போட்டவர்கள் பெரிய பெரிய கேள்வி கேட்டார்கள். அக்கா யூனிஃபார்ம் ஜாக்கெட்டோடு எழுந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சம்மரில் எங்களுக்கு நோய் வராது என்று யார் சொன்னார்கள்?" என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அவள் பெயரைக் கேட்டு, எப்படிச் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறு வருடம் டிரைவர்களுக்குக் கோடையிலும் இன்சூரன்ஸ் நிற்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டார். அவர் கட்சி அதற்கு எதிராக நின்றது. அவருக்கும் கட்சிக்கும் வந்த பல சண்டைகளில் அதுவும் ஒன்று. கடைசியில் கட்சியை விட்டே வெளியே வந்துவிட்டார்.

அடுத்த தேர்தலில் அவர் சுயேச்சை. கவர்னராக இருந்துகொண்டே சுயேச்சை. இரண்டு பெரிய கட்சிகளும் ப்ரைமரி நடத்தும். அதாவது அந்தந்தக் கட்சிக்குள்ளேயே பல பேர் போட்டி போட்டு, ஜெயித்தவர் கட்சி ஆளாக நவம்பரில் நிற்பார். சுயேச்சைக்கு ப்ரைமரி கிடையாது. அதற்குப் பதிலாக ஓட்டு உள்ள ஜனங்களிடம் கையெழுத்து வாங்கி, ப்ரைமரி நடக்கும் அதே நாளைக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் வேண்டும். எங்கள் பக்கத்தில் வாங்கித் தருகிறேன் என்று அக்கா பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். ஊரில் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்கு வைத்திருந்த அட்டையை இங்கேயும் கொண்டுவந்திருந்தாள். அதில் தாளைச் செருகிக்கொண்டு புறப்பட்டாள்.

எதிர்த் தரப்பில் ஒரு ஆன்ட்டி இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், பல் டாக்டர். ஒரு கட்சியின் உள்ளூர்க் கமிட்டியில் பல வருடமாக இருப்பவர். அவர் கட்சி ப்ரைமரியில் ஒருவருக்காக அவரும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். சட்டப்படி ஒருவர் கவர்னர் பதவிக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் கையெழுத்துப் போடலாம். அதனால் இரண்டு பேருக்கும் ஒரே தெருவில் போட்டி. ஒருநாள் கடையில், நான் வெண்டைக்காய் கொட்டிக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு பேரும் சந்தித்தார்கள்.

"என்ன கண்ணு, உங்காளு ப்ரைமரிக்குப் பயந்துட்டுத் தனியா நிக்கிறாராமே?" என்றார் ஆன்ட்டி.

"பயந்தவங்க யாராச்சும் ரெண்டு கட்சியையும் ஒண்ணாப் பகைச்சுக்குவாங்களா ஆன்ட்டி?"

"வாய் இருக்குது உனக்கு. ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. நீ கொண்டாந்து குடுக்கற ஷீட்ட எங்க லாயருங்க வரி வரியாப் பாப்பாங்க. ஒண்ணு தப்பா இருந்தாலும் அடிச்சுருவோம். அப்பறம் ஆன்ட்டி மேல கோவிச்சுக்கக் கூடாது."

"நல்லாப் பாருங்க ஆன்ட்டி. உங்க பையனக் கூட நான்தான தெனமும் பத்திரமாக் கொண்டாந்து விடுதேன். தப்பா ஒண்ணும் வராது."

ஆன்ட்டி சிரித்துக்கொண்டே கத்தரிக்காய் பொறுக்கினார். அக்கா முகத்தில் சிரிப்பில்லை. வீட்டுக்கு வந்து, "ஒரு வரி அடிபடக் கூடாதுட்டி" என்று மட்டும் சொன்னாள்.

இனி நான் செய்த தப்பு.

எங்கள் மாதா கோவிலில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை. பூசை முடிந்ததும் கீழே ஹாலில் எல்லாரும் கொண்டுவந்ததை வைத்துச் சாப்பிடுவோம். அந்த ஞாயிறு அக்கா அட்டையைக் கொண்டுவந்திருந்தாள். பாதி வாங்கியிருப்பாள், அதற்குள் யாரோ எங்கள் கார் வழியை மறித்து நிற்கிறது என்று கூப்பிட்டார்கள். "இதப் பிடி, வந்துருதேன்" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் சிட்டிசன் இல்லை. கையெழுத்து வாங்க எனக்கு உரிமை இல்லை. சும்மா பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான் என் வேலை.

ஒரு அங்கிள் வந்தார். பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். எல்லாரிடமும் பாசமாக இருப்பவர். "அக்காவோட பெட்டிஷனா? குடும்மா" என்று வாங்கினார். தன் கையெழுத்தைப் போட்டார். அதோடு நிற்கவில்லை. அடுத்த வரியில் மனைவிக்கு, அதற்கடுத்த வரியில் மகனுக்கு.

"அங்கிள், அவங்க போட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"எங்க வீட்ல ஸ்கூல் ஃபார்ம், டாக்டர் ஃபார்ம், எல்லாத்துலயும் நான்தான் போடுவேன். ஆன்ட்டி அங்க பிரியாணி போட்டுட்டு இருக்காங்க, எதுக்கு டிஸ்டர்ப் பண்ணணும்?"

அவரைப் பார்த்து இன்னொரு அங்கிள். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஒவ்வொருவரும் வீட்டில் உள்ள எல்லாருக்கும் சேர்த்துப் போட்டார்கள். எனக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. எங்கள் அப்பாவும் அப்படித்தான். ஊரில் ரேஷன் கார்டிலிருந்து எல்லாமே அவர் கைதான். தாள் நிறைய நிறைய எனக்குச் சந்தோஷம். அக்கா திரும்பி வருவதற்குள் இரண்டு தாள் முழுதாக முடிந்திருந்தது. அவளிடம் எதுவும் சொல்லாமல் பையில் வைத்தேன். வீட்டில் எடுத்துக் காட்டி அவளை ஆச்சரியப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரூட் முடித்து வந்து, சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பினாள். நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வரியில் அவள் விரல் நின்றது.

"ஏட்டி, இவரு மகன் டெக்சாஸ்லலா படிக்கான்?"

"ஆமா."

"அவன் எப்படி நேத்து கோவில்ல கையெழுத்துப் போட்டான்?"

நான் சொன்னேன். எல்லாம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தாளின் அடியில் இருந்த சின்ன எழுத்தை விரலால் காட்டினாள். எனக்கு வாசிக்க வரவில்லை. அவளே சொன்னாள். "இதுல இருக்க ஒவ்வொரு கையெழுத்தும் அவங்கவங்க கையால, என் கண்ணு முன்னால போட்டதுன்னு நான் சத்தியம் பண்ணிக் கீழ கையெழுத்துப் போடணும்ட்டி. நோட்டரி முன்னால."

"யாருக்குத் தெரியப் போகுது? எல்லாரும் நம்ம ஆளுகதான. அவங்கள்லாம் எப்படியும் இவருக்குத்தான் போடுவாங்க."

"போடுவாங்க. அதுக்காக?" டீயைத் தள்ளி வைத்தாள். "அன்னைக்குக் கையத் தூக்கி நின்னேன்லா, சிட்டிசன் ஆனப்போ. அப்போ நீ பின்னால உக்காந்து அழுதியே. அந்தக் கைதான இது."

ஸ்கேல் வைத்து, மூலையிலிருந்து மூலைக்கு ஒரு கோடு. இரண்டு தாளிலும். ப்ரைமரிக்கு அப்போது இருந்தது ஒன்பது நாள். அந்த இரண்டு தாளை நிரப்ப வேண்டுமென்றால் அவள் ஒரு வாரம் அலைய வேண்டும். என்னால்தான்.

"மன்னிச்சிருக்கா."

"மன்னிப்புலாம் இருக்கட்டும். கடையில காலை ஷிஃப்ட மாத்திக் கேளு. எங்கூட வா. எந்த வீட்ல யாரு பேருக்கு யாரு போட்டாங்கன்னு உனக்குத்தான் தெரியும்."

காலை ரூட்டுக்கும் மதிய ரூட்டுக்கும் நடுவில் அவளுக்கு நாலு மணி நேரம் கிடைக்கும். பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு எங்கள் பழைய காரில் போனோம். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பது பெரும்பாலும் பெண்கள்தான். பாடகர் குழு அங்கிள் வீட்டில் அன்று அவரும் இருந்தார். வீட்டிலிருந்து வேலை. தாளில் கோடு போட்டு அடித்ததைக் கேட்டதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"என் கையெழுத்த நம்பலையாம்மா நீ?"

"உங்க கையெழுத்த நம்புதேன் அங்கிள். ஆன்ட்டி கையெழுத்தத்தான் இன்னும் பாக்கல."

ஆன்ட்டி உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அட்டையை வாங்கினார். பேனாவைப் பிடித்துக்கொண்டு அங்கிளைப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"இவரு அன்னிக்கே போட்டுட்டாருன்னுதான் நெனச்சேன்."

"அவரு போட்டது அவருக்கு ஆன்ட்டி. இது உங்களுக்கு. வேண்டாம்னா போட வேண்டாம். இந்த கவர்னரப் பிடிக்கலன்னாலும் போட வேண்டாம்."

"பிடிக்கலன்னு இல்ல. என்னை யாரும் கேட்டதில்லையே, அதான்."

நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். போட்டுவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "கோணலா இருக்கு" என்றார். "உங்களோடதுதான" என்றாள் அக்கா. அங்கிள் தனக்கு மறுபடி ஒன்று போட்டார். மகன் வரி போயிற்று. அக்கா அதைக் கேட்கவே இல்லை.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டில் அந்த அம்மா, "அவரு வந்ததும் கேட்டுட்டுப் போடறேனே" என்றார். அக்கா, "ஓட்டுப் போடும்போது திரைக்குள்ள அவரும் கூட வருவாரா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அவர் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்தாரே தவிர போடவில்லை. இன்னொரு வீட்டில் அந்தப் பெண் தயங்கித் தயங்கி, பல் டாக்டர் ஆன்ட்டிக்கு ஏற்கெனவே போட்டுவிட்டதாகச் சொன்னாள். "வேணும்னா நான் இங்கயும் போடறேன்க்கா, பாவம் வெயில்ல வந்திருக்கீங்க." அக்கா அட்டையை மூடிவிட்டாள். "ஒருத்தருக்குத்தான்மா. நீ குடுத்தது குடுத்ததுதான்." தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தாள். நான் காரில் ஏறியதும் முணுமுணுத்தேன். அவள் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

ஒன்பது நாளில் இரண்டு தாளுக்கு ஒன்றரைத் தாள்தான் சேர்ந்தது. கடைசி நாள், ப்ரைமரி நாள், ஓட்டுப் போடும் பள்ளிக்கூட வாசலில் இருந்து சட்டப்படி எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டுமோ அதற்கும் தள்ளி, பல் டாக்டர் ஆன்ட்டி தன் ஆளின் பெயர்ப் பலகையோடு நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நோட்டரியிடம் போய்க்கொண்டிருந்தோம். அக்கா காரை மெதுவாக்கிக் கண்ணாடியை இறக்கினாள்.

"ஆல் தி பெஸ்ட் ஆன்ட்டி."

"உனக்குந்தான் கண்ணு. ஷீட்டப் பாக்கத்தான் போறேன்."

நோட்டரி முன்னால் அக்கா வலது கையைத் தூக்கினாள். நான் இந்தத் தடவை அழவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் கதவின் லீவரை இழுத்து இழுத்து உள்ளங்கையில் காய்த்துப் போயிருந்தது. என் வாழ்க்கையில் யாரைப் பார்த்தும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் இல்லை.

கவர்னரின் பெயர் ஓட்டுச்சீட்டில் ஏறியது. பல் டாக்டர் ஆன்ட்டியின் ஆள் ப்ரைமரியில் ஜெயித்தார். கோடை போயிற்று. அந்தக் கோடையில் அக்காவிடம் இன்சூரன்ஸ் கார்டு இருந்தது. அதை என்னிடம் காட்டி, "பாரு, ஜூலைலயும் செல்லுது" என்று சிரித்தாள். ஒரு நாள்கூட அவளுக்குக் காய்ச்சல் வரவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, ரூட் முடிந்து டிப்போவில் பஸ்ஸை நிறுத்தினாள். ஒவ்வொரு சீட்டாகப் போய், தூங்கிவிட்ட பிள்ளை யாராவது இருக்கிறதா என்று பார்த்தாள். அது தினமும் செய்வது. சாவியைக் கொடுத்தாள். தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவள் எழுந்திருக்கவில்லை. இருபத்தொன்பது வயது. கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் வலியைச் சொன்னாள் என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னார்கள். அம்மா அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்களுக்குப் பிடித்துக்கொள்ள அது ஒன்று இருக்கிறது.

அடக்கம் முடிந்து இரண்டு வாரத்தில் அவள் பெயருக்கு ஒரு தபால் வந்தது. தேர்தலுக்கு முன்னால் எல்லா ஓட்டர்களுக்கும் அனுப்பும் மாதிரி ஓட்டுச்சீட்டு. கட்சிக்காரர்கள் பெயர் தனித்தனிப் பத்தியில். அவர்களை விட்டுத் தள்ளி, ஓரத்தில் கவர்னர் பெயர். அதை அவள் படத்துக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். அன்று மத்தியானம்தான் பல் டாக்டர் ஆன்ட்டி வந்தார். தக்காளிச் சாதம் கொண்டுவந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தச் சீட்டைப் பார்த்தார்.

"உங்க அக்கா ஷீட்ட நான்தான் பாத்தேன் கண்ணு" என்று என்னிடம் சொன்னார். "வேற யார்கிட்டயும் குடுக்கல. அடிக்கணும்னே உக்காந்தேன். அவிங்க சைடுல எத்தனையோ ஷீட்டு, ஒரே கைல எழுதுனது, செத்தவங்க பேரு, எல்லாம் அடிச்சோம். இவளோடதுல ஒரு வரி அடிக்க முடியல. கோடு போட்டு விட்ட தாளக் கூடத் தூக்கி எறியாம, செல்லாதுன்னு எழுதிச் சேத்து வெச்சுருந்தா."

அது எனக்கும் தெரியாது. நான் கெடுத்த அந்த இரண்டு தாளையும் அவள் மறைக்கவில்லை.

"என் ஆளுக்கு இப்புடி ஒருத்தி இல்லையேன்னு இருந்துச்சு" என்றார் ஆன்ட்டி. தக்காளிச் சாதத்தை ஃபிரிட்ஜில் அவரே வைத்துவிட்டுப் போனார்.

நவம்பரில் கவர்னர் தோற்றார். ஆன்ட்டியின் ஆள் ஜெயித்தார். எங்கள் வீட்டிலிருந்து அந்த ஒரு ஓட்டும் விழவில்லை. தோற்றதற்காக நான் அழவில்லை. அக்கா இருந்திருந்தாலும் அழுதிருக்க மாட்டாள். மறுநாள் காலை பஸ்ஸை எடுத்திருப்பாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு முப்பதாம் நாள் பூசை. கீழே ஹாலில் ஒரு நோட்டு வைத்திருந்தோம், அக்காவுக்காகச் செபிப்பவர்கள் பெயர் எழுத. பாடகர் குழு அங்கிள் வந்து பேனாவை எடுத்தார். தன் பெயரை எழுதினார். வழக்கம்போல அடுத்த வரிக்கும் கை போனது. கூட நின்ற அவர் மனைவி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டார். குனிந்து, நிதானமாக, தன் பெயரைத் தானே எழுதினார். கோணல் இல்லை.

என் அக்காவைத் தெரிந்தவர்களிடமும், இதை வாசித்து இப்போதுதான் தெரிந்துகொண்டவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அவள் ஆன்மாவுக்காகச் செபியுங்கள். உங்கள் சாமி எந்தச் சாமியோ அவரிடம் கேளுங்கள். ஆனால் வீட்டில் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்துச் செபித்துவிட வேண்டாம். அவளுக்கு அது பிடிக்காது. ஒவ்வொருவரும் தனித்தனியாக, அவரவர் வாயால்.